கையும் காதும் கொண்டு சத்தான சமையல்: பார்வை குறைந்தவர்களுக்கு ஒரு தொடக்கம்

எனக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் சொன்னார். முதலில் இருட்டில் தடுமாறினேன். அப்புறம் பக்கவாட்டில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. அடுப்பில் இருக்கும் சட்டி தெரியும். அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி தெரியாது. அப்படித்தான் ஒரு நாள் இடுப்பு தட்டி, கொதிக்கிற ரசம் காலில் கொட்டியது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “நீ இனி அடுக்களைப் பக்கம் வரண்டாம்.”

அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு, மூடி வைத்துவிட்டுப் போன சோறு ஆறிப்போய் இறங்காது. பக்கத்து பேக்கரி பன், ரஸ்க், மிக்சர், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் என்று பகல் கழியும். எட்டு மாதத்தில் எடை கூடியது, சர்க்கரையும் எல்லைக் கோட்டுக்கு வந்தது. கண் நோய் கண்ணோடு நின்றது. மற்றதையெல்லாம் கொண்டுவந்தது அடுக்களையை விட்டு விலகியதுதான். என்னைப் போன்ற பலருக்கும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைப் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எங்கள் சமையலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது: புட்டு, சம்பா அரிசிக் கஞ்சி, செறுபயறு (பாசிப்பயறு), துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), அவித்த ஏத்தன்பழம், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன்கறி. மறுபடி சமைக்கத் தொடங்கியபோது ஒரு விஷயம் பிடிபட்டது. உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படுகிற அவிப்பதும் வேகவைப்பதும்தான் கண் தெரியாதவர்கள் செய்வதற்கும் எளிது. ஆவியில் வைத்தது கருகாது, அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், நேரத்தை வைத்தே முடித்துவிடலாம். மிகக் கஷ்டமானது எண்ணெயில் பொரிப்பது. அதை விட்டுவிட்டால் ஆபத்தில் பாதி குறையும், கொழுப்பிலும் பாதி குறையும்.

முதல் வாரம்: தீயே வேண்டாம்

பார்வை போன புதிதில் நேராக அடுப்புக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் தீ இல்லாத வேலை மட்டும் செய்யுங்கள். முருங்கைக்கீரை உருவுங்கள், பயற்றங்காயைக் கையால் ஒடித்துப் போடுங்கள், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) உரியுங்கள், அரிசியில் கல் பாருங்கள். இதில் எதற்கும் கத்தி வேண்டாம். கண் செய்துகொண்டிருந்த வேலையை விரல் எடுத்துக்கொள்ள இந்த ஒரு வாரம் தேவை. முறத்தில் அரிசியைப் பரப்பி விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். கல் குளிர்ச்சியாக, கூராக இருக்கும். நெல் சொரசொரவென்று வால் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் உங்களுக்கே வேகம் வந்துவிடும்.

இந்த வாரத்திலேயே சாப்பிடத் தகுந்தவற்றையும் செய்யலாம். ஊறவைத்து முளைகட்டிய செறுபயறில் துருவிய தேங்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஒரு நேரத்துக்கு ஆகும். அவலை நனைத்துத் தேங்காயும் பழமும் சேர்க்கலாம். தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் போடலாம். துருவும் தட்டில் காய் சிறிதானதும் நிறுத்திவிட்டு மீதியை அப்படியே கடித்துத் தின்றுவிடுங்கள். கடைசித் துண்டுவரை துருவப் போய்த்தான் விரல் கிழிகிறது.

பொருள்களுக்கு இடம்

அடுக்களை முழுவதையும் ஒரு முறை காலி செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் உங்கள் கையால் நீங்களே எடுத்து வையுங்கள். வேறு யாராவது அடுக்கிக் கொடுத்தால் அது அவர்களுடைய அடுக்களை, உங்கள் கைக்கு அது பழகாது. தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். அடுப்புக்கு மேலே எதையும் வைக்காதீர்கள், எரிகிற தீயைத் தாண்டிக் கை நீட்ட நேரும்.

டப்பாக்களுக்கு ரப்பர் பேண்ட் போதும். எங்கள் வீட்டில் ஒரு பேண்ட் என்றால் சீரகம், இரண்டு என்றால் கடுகு, மூன்று என்றால் உளுந்து. பிரெய்ல் தெரிந்தவர்கள் தடித்த அட்டையில் குத்தி ஒட்டலாம். தமிழுக்கும் பாரதி பிரெய்ல் முறையில் எழுத்துகள் இருக்கின்றன. மிளகாய்த்தூளுக்கு மட்டும் வேறு எதனோடும் சேராத வடிவத்தில் ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம், மிளகாய்த்தூளை மோந்து பார்க்கக் கூடாது. சர்க்கரையும் பொடி உப்பும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

உப்புக்கு என் அம்மை செய்துவந்த பழைய வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்: உப்புத்தண்ணீர். பத்து தேக்கரண்டி பொடி உப்பை, தலை தட்டி, அரை லிட்டர் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் கலக்கி வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஏறக்குறைய அரை கிராம் உப்பு. கறியில் ஒரே இடத்தில் உப்பு தங்காது, எவ்வளவு போட்டோம் என்ற கணக்கும் கையில் நிற்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு தேக்கரண்டியை விடக் கொஞ்சம் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடக்கம்.

எண்ணெயைப் பாட்டிலில் இருந்து ஊற்றாதீர்கள். வாய் அகன்ற சின்ன ஜாடியில் வைத்து, காம்பை மேல்நோக்கிச் செங்குத்தாக வளைத்த ஒரு எவர்சில்வர் தேக்கரண்டியால் முக்கி எடுங்கள். கிணற்றில் வாளி விடுவதுபோல நேராக இறக்கி நேராகத் தூக்கலாம், சிந்தாது. கண் தெரிந்தவர்கள் ஒரு சுற்று ஊற்றிவிட்டுப் போவார்கள். நாம் எண்ணித்தான் போடுகிறோம். அதனாலேயே எங்கள் வீட்டில் மாத எண்ணெய் குறைந்தது.

கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு நிற வேறுபாடு பெரிய துணை. உள்ளியும் தேங்காயும் அரிய கறுப்புப் பலகை, கத்திரிக்காயும் வெண்டைக்காயும் அரிய வெள்ளைப் பலகை. எவர்சில்வரின் மினுக்கம் கண்ணைக் கூசச் செய்யும், மேடையில் மங்கலான நிறத்தில் ஒரு விரிப்புப் போடுங்கள். விளக்கு முகத்துக்கு நேரே இல்லாமல் அலமாரிக்கு அடியில் இருந்து பலகைமேல் விழட்டும்.

கத்தி

அரிவாள்மணை பழகிய கை உங்களுடையது என்றால் அதையே தொடரலாம். அலகு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதால் சிலருக்கு அதுதான் தோது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது சின்னக் கத்தியும் பலகையும்தான். பலகைக்கு அடியில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்றை விரித்தால் நழுவாது. விளிம்பு உயர்ந்த தாம்பாளத்துக்குள் பலகையை வைத்துக்கொண்டால் துண்டுகள் உருண்டு தரைக்குப் போகாது.

காயைப் பிடிக்கும் கையின் விரல்களை உள்நோக்கி மடக்குங்கள், பூனை நகத்தை இழுத்துக்கொள்வதுபோல. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். கத்தியின் பக்கப்பரப்பு விரல் முட்டியில் உரசிக்கொண்டே இறங்கட்டும். அந்த உரசல்தான் அலகு எங்கே இருக்கிறது என்று சொல்லும். உருண்டையான காயை முதலில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்துவிட்டு அப்புறம் நறுக்குங்கள். மொட்டைக் கத்தியைத்தான் அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் சறுக்கும். கூரான கத்தியே பாதுகாப்பு.

வேலை முடிந்த கத்திக்கு ஒரே இடம்: பலகைக்கு அப்புறம், வலது ஓரம், அலகு சுவரைப் பார்த்து. கழுவ வேண்டும் என்றால் உடனே கழுவி உறையில் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போவதை எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதிப்பதில்லை. சோப்பு நுரைக்குள் கைவிடுவது நான்தானே.

தேங்காய் திருவும்போது மூடியை உள்ளங்கையில் வைத்து, விரல்கள் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி பிடியுங்கள். பருப்பு இருக்கும்வரை சத்தம் மெதுவாக, ஈரமாகக் கேட்கும். சிரட்டையைத் தொட்டதும் கரகரவென்று வறண்ட சத்தம் வரும். உடனே கொஞ்சம் திருப்பிப் பிடியுங்கள். கண் தெரிந்த காலத்தில் இந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. இப்போது துருவலில் பழுப்புத் தூள் விழுவது அபூர்வம்.

அடுப்பு

முதல் விதி: தீ கடைசியில். அரிவது, அளப்பது, அரைப்பது எல்லாம் முடிந்து, கிண்ணங்கள் வரிசையாக இடமிருந்து வலமாக, போட வேண்டிய முறைப்படி வைத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். கடுகு வெடிக்கும்போது கறிவேப்பிலை தேடினால் கருகும், பதறினால் கை சுடும்.

பாத்திரத்தை ஆறிய பர்னர்மேல் முதலில் வையுங்கள். இரண்டு கைகளாலும் பாத்திரத்தின் வெளி விளிம்பைத் தொட்டு, அடுப்பின் கால்கள் எல்லாப் பக்கமும் சம அளவில் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், மேடைக்கு வெளியேயும் நீட்டக் கூடாது, அடுத்த தீயின் மேலும் இருக்கக் கூடாது. அப்புறம்தான் திருகு. திருகில் நிறுத்தம், சிறு தீ, பெருந்தீ மூன்றுக்கும் நேரே நகப்பூச்சால் மூன்று மேடான புள்ளிகள் வைத்து உலரவிட்டால் பல மாதம் நிற்கும். தீ பற்றியதா என்பதை “பொப்” என்ற சத்தமும் அதைத் தொடரும் இரைச்சலும் சொல்லும். பற்றவில்லை என்றால் உடனே மூடுங்கள். வாடை போகும்வரை பொறுத்திருந்து மறுபடி முயலுங்கள்.

சிலிண்டர் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வாடையைக் கலக்கிறார்கள். அது காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண்ணான 1906-க்குக் கூப்பிடுங்கள். மணம் தெரியாதவர்கள் கசிவைச் சத்தத்தால் அறிவிக்கும் கருவி ஒன்று வாங்கி, தரைக்குப் பக்கத்தில் மாட்டுவது நல்லது.

இண்டக்‌ஷன் வாங்குவதாக இருந்தால் கடையில் கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள். வழுவழுப்பான தொடுதிரை நமக்கு உதவாது, அமுக்கினால் உள்ளே போகிற பட்டன் இருக்க வேண்டும். எங்கே அமுக்குகிறோம் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தால் தடவலிலேயே சூட்டின் அளவு மாறிவிடும்.

உடை விஷயத்தில் சுருக்கமாக: பருத்தி, தொங்காத கை, செருகிய முந்தானை. முழங்கைவரை வரும் தடித்த கையுறை ஒன்று.

வெந்தது எப்படித் தெரியும்

தண்ணீர் சூடாகும்போது முதலில் மெல்லிய முனகல், அப்புறம் பாத்திரத்தின் அடியில் படபடப்பு, கடைசியில் உருண்டு புரளும் சத்தம். கடுகு வெடித்து, வெடிப்பு குறைகிற நேரத்தில் அடுத்த பொருளைப் போட வேண்டும். உள்ளி போட்டதும் “சர்ர்” என்று உரக்கக் கேட்கும். ஈரம் போகப்போக அந்தச் சத்தம் அடங்கி இனிப்பான மணம் வரும். பச்சைமிளகாயின் காரமான பச்சை வாடை மாறிவிட்டதென்றால் வதங்கியாயிற்று. கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டு மெதுவாக இழுங்கள், அடிப்பிடித்தால் கரண்டி தடுக்கும்.

கொதிக்கிற தண்ணீரை அளக்காதீர்கள். பச்சைத் தண்ணீரை அளந்து, அப்புறம் சூடாக்குங்கள். தேயிலைக்கும் அப்படித்தான்: குடிக்கப் போகிற டம்ளராலேயே தண்ணீரை அளந்து ஊற்றினால், திரும்ப ஊற்றும்போது வழியாது. ஊற்றும்போது டம்ளரைக் காலியான தொட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சிந்தினாலும் உங்கள்மேல் வராது.

நேரத்துக்குக் கைப்பேசி போதும். பத்து நிமிடம் கழித்துச் சொல் என்று வாயால் சொன்னால் அது கூப்பிடும். பாக்கெட்டில் தேதி படிக்க, பருப்பில் வண்டு இருக்கிறதா என்று கேட்க, பீ மை ஐஸ் செயலியில் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். 2015-ல் டென்மார்க்கில் தொடங்கியது. எரிகிற அடுப்புக்கு முன்னால் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், ஒரு கை போனில் மாட்டிக்கொள்ளும்.

சோறு வடிக்காமல் சோறு

எங்கள் பக்கத்து சம்பா அரிசிக்குத் தண்ணீரும் நேரமும் நிறைய வேண்டும். தட்டு வைத்துச் சாய்த்து வடிப்பதுதான் அடுக்களையிலேயே ஆபத்தான வேலை என்று நினைக்கிறேன். ஆவி முகத்தில் அடிக்கும், மூடி வழுக்கும், கஞ்சி எங்கே போகிறது என்று தெரியாது. நான் அதை முழுவதுமாக விட்டுவிட்டேன்.

பாறசாலையில் இருக்கும் சித்தி தந்ததுதான் சூடாறாப்பெட்டி. சூடு வெளியே போகாதபடி உள்ளே தடித்த அடைப்பு வைத்த பெட்டி. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் விறகையும் கேஸையும் மிச்சம் பிடிக்க இதை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சித்தி கேஸ் மிச்சத்துக்காகத்தான் வாங்கினாள். எனக்கு அதனால் அடுப்பின் முன்னால் நிற்கும் நேரம் குறைந்தது.

செய்முறை இது. ஒரு கப் சம்பா அரிசியைக் களைந்து, ஆறு கப் தண்ணீரோடு, இரண்டு பக்கமும் காது உள்ள பாத்திரத்தில் ஏற்றுங்கள். நன்றாகப் புரண்டு கொதிக்கத் தொடங்கியதும் டைமர் வைத்துப் பத்து நிமிடம். தீயை அணைத்துவிட்டு, மூடி போட்டு, குமிழிச் சத்தம் அடங்கும்வரை இரண்டு நிமிடம் பொறுங்கள். பெட்டி அடுப்பை ஒட்டி, அதே உயரத்தில், ஏற்கெனவே திறந்து இருக்க வேண்டும். கையுறையோடு தூக்கி உள்ளே வைத்து மூடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி மலர்ந்திருக்கும். ஒரு பருக்கையைக் கரண்டியில் எடுத்து ஆற்றி, இரண்டு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் கட்டி தட்டக் கூடாது. சோறாக வேண்டுமென்றால் கண் கரண்டியால் அள்ளித் துளைப் பாத்திரத்தில் போட்டால் தானே வடியும். கஞ்சியாகவே குடிப்பது இன்னும் எளிது. ராத்திரி முழுக்கப் பெட்டியில் விட்டுவிடாதீர்கள், இளஞ்சூட்டில் சோறு கெடும்.

ஒரு பகல் சாப்பாடு: கஞ்சி, செறுபயறு, முருங்கைக்கீரைத் துவரன்

அரிசி பெட்டிக்குள் இருக்கும்போது பயறைக் குக்கரில் போடுங்கள். அரை கப் செறுபயறு, இரண்டு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், நாலு பல் பூண்டு. மூடுவதற்கு முன் மூடியின் ஆவிக்குழாயில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையின்றிப் போக வேண்டும். மூன்று விசில். அணைத்தபிறகு கால் மணி நேரம் தொடவே வேண்டாம். அப்புறம் நீளக் கரண்டியால் வெயிட்டை லேசாகத் தூக்குங்கள். சீறல் கேட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் உயர்த்துங்கள், ஆவி அந்தப் பக்கம் போகும். புதிதாக வாங்குபவர்கள் உள்மூடி குக்கராக வாங்குங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அந்த மூடி இறங்காது.

துவரனுக்கு இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சைமிளகாய், இரண்டு சின்ன உள்ளி, கொஞ்சம் மஞ்சள். இதை அம்மியிலோ மிக்சியிலோ ஒன்றிரண்டாகச் சதைத்து வையுங்கள். அகன்ற சட்டியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டு, உடனே மூடி போட்டு மூடியின் அடியில் வெடிப்பைக் கேளுங்கள். சத்தம் குறைந்ததும் உருவிக் கழுவிய கீரையை, மூன்று பெரிய கைப்பிடி, உள்ளே போடுங்கள். இரண்டு தேக்கரண்டி உப்புத்தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பச்சை வாடை போய்விடும். கரண்டியால் தொட்டால் பொங்கி நின்ற கீரை அமுங்கிக் கிடக்கும். சதைத்த தேங்காயைப் போட்டுக் கிளறி இன்னும் இரண்டு நிமிடம். தேங்காயும் சீரகமும் சேர்ந்த மணம் எழும்பியதும் அணைத்துவிடலாம்.

தட்டில் பரிமாற மணிக்கூட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன். என் வயிற்றுக்கு நேரே ஆறு மணி. ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வழியாக மூன்றுவரை, அதாவது மேல் பாதி முழுவதும் துவரனும் காய்களும். கீழே வலப்பக்கம் பயறு, இடப்பக்கம் சோறு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தட்டில் பாதி காய்களும் பழங்களும் இருக்கட்டும் என்கிறது. கண்ணால் அளக்க முடியாததால் நான் தவியை (பரிமாறும் கரண்டியை) எண்ணுகிறேன்: சோறு ஒரு தவி, காய் இரண்டு தவி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி.

காலையில் புட்டு. மாவு நனைக்கும் பதத்தை எங்கள் ஊரில் எல்லோருமே கையால்தான் பார்க்கிறார்கள்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நீளக் குழாயில் இருந்து சூடாகத் தள்ளுவது ஆரம்பத்தில் சிரமம். குக்கரின் ஆவிக்குழாய்மேல் உட்காரும் சிரட்டைப் புட்டு அச்சு வாங்குங்கள். மேல் மூடித் துளையில் இருந்து தேங்காய் மணத்தோடு ஆவி வரத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். கூடவே தோலோடு அவித்த ஒரு ஏத்தன்பழம் அல்லது கடலைக்கறி. ராகிப் புட்டானால் இன்னும் நல்லது.

மரச்சீனியும் மீனும்

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்பினார். பஞ்ச காலங்களில் அது எங்கள் ஆட்களைக் காப்பாற்றியது. ஆனால் அதைச் சரியாக வேகவைக்காவிட்டால் உடம்புக்கு ஆகாத நச்சு மிஞ்சும். தோலையும் நடு நாரையும் நீக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இங்கேயும் சாய்த்து வடிக்க வேண்டாம். துண்டுகளைப் பிடியுள்ள துளைக் கூடையில் போட்டு, கூடையோடு பாத்திரத்தில் இறக்குங்கள். வெந்ததும் அணைத்துவிட்டுக் கூடையை மட்டும் தூக்கலாம், தண்ணீர் ஆறிய பிறகு கொட்டலாம். இது முழுக்க மாவுச்சத்து. அதனால் நாலு துண்டோடு நிறுத்தி, மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீன் வாங்க எனக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அக்கா என் கையைப் பிடித்து மீன்மேல் வைத்து, “அமுக்கிப் பாரு மக்கா, குழி விழுந்தா எடுக்கண்டாம்” என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல மீன் விறைப்பாக இருக்கும், அமுக்கின இடம் உடனே எழும்பும், கடல் மணம் வருமே தவிர நாற்றம் வராது. சுத்தம் செய்வதை அவரிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் வால் பக்கத்தில் இருந்து தலைப் பக்கமாக விரலை ஓட்டினால் மிஞ்சிய செதிள் தட்டுப்படும்.

முள் பயமாக இருந்தால் நெத்தோலியில் தொடங்குங்கள், அதன் முள் மெத்தென்று சேர்ந்தே போய்விடும். சாளை (மத்தி) பெரும்பாலும் மலிவு, ஒமேகா 3 கொழுப்பும் அதிகம். குடம்புளி போட்டுக் குக்கரில் சிறு தீயில் அரை மணி நேரம் வைத்தால் அதன் முள்ளும் மெதுவாகிவிடும். மண்சட்டியில் வைக்கும்போது கரண்டி போட வேண்டாம், இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியையே லேசாகச் சுற்றுங்கள்.

விரல் மரத்தவர்கள் கவனிக்க

சர்க்கரை நோயால் பார்வை போனவர்கள் நம்மில் நிறைய. அவர்களில் பலருக்கு விரல் நுனியும் மரத்திருக்கும். மேலே விரலால் பார்க்கச் சொன்ன எதையும் சூட்டில் அவர்கள் செய்யக் கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். எப்போதும் கையுறை, நீளக் காம்புக் கரண்டி, நேரத்தை வைத்துச் சமைப்பது என்று இருங்கள். பதத்தை ஆறிய பிறகு பல்லால் பாருங்கள். இன்சுலின் போட்டுவிட்டு அடுப்பின் முன் நீண்ட நேரம் நிற்காதீர்கள். தலை சுற்றினால், வியர்த்தால் முதலில் தீயை அணைக்க வேண்டும், அப்புறம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

சுட்டுக்கொண்டால் ஓடுகிற பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்னே கழற்றிவிடுங்கள். பேஸ்ட், மை, எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். ஐஸும் வேண்டாம். என் காலில் ரசம் கொட்டிய அன்று வீட்டில் பதறிப்போய் பேஸ்ட் தடவினார்கள், அதைச் சுரண்டி எடுக்கும்போது பட்ட வேதனை ரசம் கொட்டியதை விட அதிகம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108.

வீட்டில் இருப்பவர்களுக்கு

உதவி செய்ய நினைத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கரண்டியைப் பிடுங்காதீர்கள். வாயால் சொல்லுங்கள். “அங்கே”, “இங்கே” என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. “மூணு மணிப் பக்கம் சூடான சட்டி இருக்கு அக்கா” என்று சொன்னால் போதும். அடுக்களைக்குள் வரும்போது ஒரு குரல் கொடுங்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள், அலமாரிக் கதவைப் பாதி திறந்து விடாதீர்கள், அதன் முனை எங்கள் நெற்றி உயரத்தில்தான் இருக்கிறது. முதல் பத்து நாள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். என் மகன் அப்படித்தான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், உதவிக்குக் கை நீளாமல் இருக்க.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ள குறைபார்வைப் பிரிவில் கேளுங்கள். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் சென்னைக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில் இருக்கிறது.

அடுக்களையை மூடும் முன்

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் அதற்கு மேல் தாங்காது. இன்று வைத்தது மேல் தட்டு, நேற்று வைத்தது கீழ்த் தட்டு. கீழ்த் தட்டில் ராத்திரி மிஞ்சி இருப்பதைக் கொட்டிவிடுவேன், மோந்து பார்த்து முடிவெடுப்பதில்லை. கெட்டுப்போன எல்லாமே நாறுவதில்லை.

பிறகு ஈரத்துணியால் மேடையை இடமிருந்து வலமாகத் துடையுங்கள், எது எங்கே தவறி இருக்கிறது என்று அந்தத் துடைப்பிலேயே தெரியும். தரையையும் வெறுங்காலால் ஒரு முறை மெல்லத் தேய்த்துப் பாருங்கள், எண்ணெய்த் துளி வழுக்கும். கத்தி உறையில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு திருகும் நிறுத்தப் புள்ளிக்கு நேரே இருக்கட்டும். கடைசியாகக் குனிந்து ரெகுலேட்டரை மூடுங்கள். அது “டிக்” என்று விழும் சத்தம் கேட்ட பிறகு கதவைச் சாத்தலாம்.